ஜாக்கி ராபின்சன் தங்க நாணயம்: தேர்ந்தெடுத்து, சோதித்து, வாங்கிப் பாதுகாக்க முழுமையான வழிகாட்டி

உள்ளங்கையில் வைத்தால் நம் ஊர்ச் சவரனைவிடக் கொஞ்சம் கனம். துல்லியமாகச் சொன்னால் 8.359 கிராம். ஒரு பக்கத்தில் நடுவயதைத் தாண்டிய ஒரு கறுப்பினத்தவரின் முகம். பேஸ்பால் தொப்பி இல்லை, மட்டை இல்லை. மறுபக்கத்தில் தையல் தெரியும் ஒரு பேஸ்பால் பந்து. 1919, 1972 என்ற ஆண்டுகள். 'துணிவின் மரபு' என்று பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள். கறுப்பின பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் நினைவாக 1997-இல் அமெரிக்க நாணயச் சாலை வெளியிட்ட ஐந்து டாலர் தங்க நாணயம் இது.

கறுப்பினத்தவரின் குடிமை உரிமைப் போராட்டத் தலைவர் ஒருவரின் நினைவாகத் தங்க நாணயம் வாங்க வேண்டும் என்று அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் மார்ட்டின் லூதர் கிங். அவர் உருவத்தோடு அமெரிக்க நாணயச் சாலை தங்க நாணயம் வெளியிட்டதில்லை. கிங் தம்பதியருக்கு அமெரிக்க நாடாளுமன்றம் 2004-இல் அறிவித்தது தங்கப் பதக்கம். அது நாணயம் அல்ல, விலைக்கும் வராது, அதன் வெண்கலப் பிரதிதான் பொதுமக்களுக்குக் கிடைக்கும். கறுப்பின மக்களின் உரிமைக்காக நின்ற ஒருவரின் முகத்தைச் செலாவணித் தகுதியுள்ள அமெரிக்கத் தங்கத்தில் பார்க்க விரும்புகிறவர் முக்கியமாக இரண்டு நாணயங்களைத் தேடலாம். ஒன்று 1997-இன் ராபின்சன், மற்றொன்று அடிமைகளை மீட்ட ஹாரியட் டப்மனுக்கு 2024-இல் வந்தது. இந்த வழிகாட்டி பெரும்பாலும் ராபின்சனைப் பற்றியது. வாங்குகிறவர் கற்றுக்கொள்ள வேண்டியதெல்லாம் அந்த ஒரு நாணயத்திலேயே இருக்கிறது.

முதல் படி: முகத்தை அறிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டி நேராக விலைக்குப் போகாதீர்கள். நாணயத்தின் வடிவமைப்பு ஏன் இப்படி இருக்கிறது என்பது அந்த மனிதரின் கதை தெரிந்தால்தான் விளங்கும்.

1944 ஜூலை 6. டெக்சாஸ் மாநிலத்தில் கேம்ப் ஹூட் ராணுவ முகாம். இளம் லெப்டினன்ட் ஒருவர் பஸ்ஸில் ஏறி அமர்கிறார். கறுப்பினத்தவர் என்பதால் பின்னிருக்கைக்குப் போகச் சொல்கிறார் ஓட்டுநர். இவர் எழுந்திருக்க மறுக்கிறார். ராணுவ நீதிமன்றம் வரை வழக்குப் போகிறது. குற்றமற்றவர் என்று விடுதலையாகிறார். அந்த லெப்டினன்ட்தான் ராபின்சன். மான்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் இதேபோல் பஸ் இருக்கையை விட்டு எழ மறுத்துப் புகழ்பெற்றது 1955-இல். இது அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1947 ஏப்ரல் 15 அன்று, புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக எபெட்ஸ் ஃபீல்டு மைதானத்தில் அவர் களமிறங்கினார். பல பத்தாண்டுகளாக வெள்ளையருக்கு மட்டுமே என்றிருந்த மேஜர் லீக் என்ற முதல்நிலை பேஸ்பால் போட்டியின் கதவு அன்று திறந்தது. அவர் சட்டை எண் 42. அந்த ஆண்டே சிறந்த புதுமுக வீரர், 1949-இல் தேசிய லீக்கின் மிகச் சிறந்த வீரர், 1955-இல் உலகத் தொடர் என்ற இறுதித் தொடரை வென்ற அணியில் ஒருவர். 1956 பருவத்தோடு ஆட்டத்தை விட்டார்.

நாணயத்தில் இருக்கும் முகம் அதற்குப் பிறகானது. குடிமை உரிமை அமைப்பான என்ஏஏசிபிக்காக ஊர் ஊராகப் போய் நிதி திரட்டியவர், 1963-இல் வாஷிங்டன் பேரணியில் நின்றவர், கறுப்பினத்தவருக்குக் கடன் கிடைக்க வேண்டும் என்று 1964-இல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் ஃப்ரீடம் நேஷனல் வங்கியை மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கியவர். முகப்பை வடிவமைத்த வில்லியம் கசின்ஸ் அந்த மனிதரைத்தான் தேர்ந்தெடுத்தார். மறுபக்கத்துப் பந்து ஜேம்ஸ் பீடின் வடிவமைப்பு. அதே ஆண்டின் வெள்ளி டாலரில்தான் ஆட்டக்காரர் ராபின்சன் மண்ணில் சறுக்கி ஹோம் பிளேட்டைத் தொடுகிறார். அணி உடை வெள்ளிக்குப் போனது, போராளியின் முகம் தங்கத்துக்கு வந்தது. இந்தப் பங்கீட்டுக்காகவே நான் இந்த நாணயத்தை மதிக்கிறேன்.

இரண்டாம் படி: ஏன் இத்தனை குறைவு என்று புரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவில் நினைவு நாணயம் நாடாளுமன்றச் சட்டத்தால் மட்டுமே பிறக்கும். எந்த உலோகம், அதிகபட்சம் எத்தனை, கூடுதல் கட்டணம் எவ்வளவு, அது யாருக்குப் போகும் என்பதையெல்லாம் சட்டமே சொல்லிவிடும். ராபின்சன் தங்க நாணயத்துக்கு அனுமதித்த உச்சவரம்பு 1,00,000. ஒவ்வொன்றின் விலையிலும் 35 டாலர் ஜாக்கி ராபின்சன் அறக்கட்டளைக்கான பங்கு. அவருடைய மனைவி ரேச்சல் ராபின்சன் 1973-இல் நிறுவிய இந்த அறக்கட்டளை, கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது.

ஒரு லட்சம் அச்சிடலாம் என்றிருந்த இடத்தில், புழக்கத்துக்கு விடாத சாதாரண மெருகுள்ள வகை விற்றது 5,174 மட்டுமே. கண்ணாடிபோல் மெருகேற்றிய புரூஃப் வகை சுமார் 24,000.

காரணத்தை அன்றைய கணக்கில் பார்க்கலாம். வழக்கமான விற்பனை விலை சாதாரண வகைக்கு 205 டாலர், புரூஃபுக்கு 225 டாலர். 1997 நடுவில் ஒரு அவுன்ஸ் தங்கம் ஏறத்தாழ 330 டாலர். அப்படியென்றால் நாணயத்துக்குள் இருந்த தங்கத்தின் மதிப்பு வெறும் 80 டாலர். சேகரிப்பாளர்களும் அப்போது சலித்துப்போயிருந்தார்கள். அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி 1995-லும் 1996-லும் மட்டும் 16 வடிவங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மெருகு என்று 32 நாணயங்கள் வந்து குவிந்தன. எல்லாவற்றையும் வாங்கி முடிக்க யாராலும் முடியவில்லை. 1999 முதல் ஆண்டுக்கு இரண்டு நினைவுத் திட்டங்கள்தான் என்று பிறகு சட்டமே வந்தது. அந்தச் சலிப்பின் நடுவில் மாட்டிக்கொண்டவர் ராபின்சன்.

அன்று வாங்க ஆளில்லாமல் கிடந்த நாணயம்தான் பின்னாளில் நவீன அமெரிக்க நினைவுத் தங்க நாணயங்களின் முழு வரிசையைச் சேர்க்க நினைப்பவர்களுக்குக் கடினமான ஒன்றாக ஆனது. வரிசையைப் பூர்த்தி செய்ய அந்த 5,174-இல் ஒன்று வேண்டும்.

மூன்றாம் படி: எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

இரண்டுமே நியூயார்க் மாநிலத்து வெஸ்ட் பாயின்ட்டில் அச்சானவை. இரண்டிலும் டபிள்யூ என்ற சிறு எழுத்து உண்டு. எடை, விட்டம், தங்கத்தின் அளவு எல்லாம் ஒன்றே. வேறுபாடு மேற்பரப்பில் மட்டும். புரூஃபில் பின்புலம் கண்ணாடிபோல் இருக்கும், முகம் பனி படிந்ததுபோல் மங்கலாகத் தெரியும். சாதாரண வகையில் பட்டுத்துணியின் மென்மையான பளபளப்பு முழுப் பரப்பிலும் ஒரே சீராக இருக்கும்.

ராபின்சனின் முகத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் புரூஃபே போதும். எண்ணிக்கை அதிகம் என்பதால் விலை பெரும்பாலும் தங்கத்தின் மதிப்பை ஒட்டியே நகரும். முகமும் அதில்தான் எடுப்பாகத் தெரிகிறது. விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தால் கறுப்புப் பின்னணியிலிருந்து கன்னமும் நெற்றியும் எழுந்து வரும். அரிய பொருளுக்காக வாங்குகிறீர்கள் என்றால் சாதாரண வகை. ஆனால் அதற்கு விலையில் ஒரு கூடுதல் உண்டு, அந்தக் கூடுதல் நிலையானதும் அல்ல. ஒரு காலத்தில் இது பல ஆயிரம் டாலருக்கு ஏறியது, பிறகு இறங்கியது. ஏறும் என்ற நம்பிக்கையில் மட்டும் வாங்குகிறவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

'மரபுத் தொகுப்பு' என்ற பெயரில் ஒரு பெட்டியும் உண்டு. புரூஃப் தங்க நாணயத்தோடு, 1952-இல் வந்த ராபின்சன் பேஸ்பால் அட்டையின் மறுபதிப்பும் ஒரு சட்டை ஊசியும் அதில் இருக்கும். அட்டையோ ஊசியோ இல்லாமல் பெட்டியை மட்டும் காட்டி விலை சொல்வோர் உண்டு. உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று படம் கேட்டு வாங்குங்கள்.

நான்காம் படி: விலையை நீங்களே கணக்கிடுங்கள்

இந்த நாணயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு தங்கம், மீதி வெள்ளியும் செம்பும். அதாவது 21.6 காரட். நம் கடைகளில் 916 முத்திரையோடு வரும் 22 காரட் நகையைவிட 0.4 காரட் குறைவு. சுத்தத் தங்கம் 7.52 கிராம், அவுன்ஸ் கணக்கில் 0.2419.

அன்றைய அவுன்ஸ் விலையை 0.2419-ஆல் பெருக்குங்கள். அவுன்ஸ் 3,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் தங்கத்தின் மதிப்பு ஏறத்தாழ 726 டாலர். ரூபாயில் வேண்டுமானால் 24 காரட் ஒரு கிராம் விலையை 7.52-ஆல் பெருக்கினால் போதும். விற்பவர் சொல்லும் தொகையில் இதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நீங்கள் நாணயம் என்பதற்காகக் கொடுக்கும் பணம். வாங்கும் ஒவ்வொரு முறையும் இந்த இரண்டு எண்களையும் தனித்தனியாகத் தாளில் எழுதி வையுங்கள். முதல் எண் சந்தையோடு ஏறி இறங்கும். இரண்டாம் எண்ணைத்தான் நீங்கள் பேரம் பேச முடியும்.

இன்னொன்று. அறக்கட்டளைக்கான 35 டாலர் நாணயச் சாலை முதலில் விற்ற விலைக்குள் இருந்தது. இன்று வேறொருவரிடமிருந்து வாங்கும்போது அதில் ஒரு காசும் மாணவர்களுக்குப் போகாது. 'உதவித்தொகைக்கு உதவும் நாணயம்' என்று சொல்லி விலை கூட்டினால் ஏற்காதீர்கள். உதவ விரும்பினால் அறக்கட்டளைக்கே நேரடியாக நன்கொடை தரலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஐந்தாம் படி: நாணயமா, பூசிய வில்லையா?

நியூ ஜெர்சியில் இருக்கும் என் அத்தை மகன் ஒருமுறை மார்ட்டின் லூதர் கிங் 'தங்க நாணயம்' ஒன்றை வாங்கி, வெல்வெட் பெட்டியோடு என் கையில் கொடுத்தார். பெட்டி நல்ல கனம். நாணயத்தை எடுத்தபோது கையில் எடையே இல்லை. அகலம் நான்கு சென்டிமீட்டர் இருக்கும். விளிம்பில் ஒரு இடத்தில் பொன்னிறம் உரிந்து சாம்பல் நிற உலோகம் தெரிந்தது. கூட வந்த அட்டையில் '24 காரட் பூச்சு' என்று மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. கிங் மீதான அன்பில் கொடுத்த பணம் அது. எனக்கு ஆத்திரமாக வந்தது. தன் வாழ்க்கையையே கொடுத்த ஒருவரின் முகத்தை வைத்து இப்படி விற்பது சிறுமை.

இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. அமெரிக்க நாணயமென்றால் நாட்டின் பெயரும் டாலர் மதிப்பும் பொறித்திருக்கும். ராபின்சன் நாணயத்தில் 'ஐந்து டாலர்' என்று இருக்கிறது. மதிப்பே பொறிக்காத வட்டம் பதக்கம் அல்லது வில்லை. அது தங்கமாகவே இருந்தாலும் நாணயம் அல்ல. விளம்பரத்தில் 'பூச்சு', 'முலாம்', 'படலம்' என்ற சொற்களில் ஒன்று வந்தாலே அதில் தங்கம் பேருக்குத்தான். உண்மையான அரசு நாணயத்தின் மேல் தனியார் பொன்முலாம் பூசி விற்பதும் நடக்கிறது. அதில் இழப்பு இரட்டிப்பு, ஏனென்றால் பூசிய நாணயத்தைச் சேகரிப்பாளர்கள் கெட்டுப்போனதாகவே கருதுவார்கள்.

தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு ஐந்து ராண்ட் நாணயமும் இங்கே நினைவுக்கு வருகிறது. நெல்சன் மண்டேலாவின் 90-ஆவது பிறந்தநாளுக்கு வந்தது. இரு நிற உலோகத்தில் லட்சக்கணக்கில் அச்சாகி மக்கள் கையில் புழங்கியது. அதையே பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, தரத்தைக் காட்டும் பெரிய எண் ஒன்றை ஒட்டி, கொள்ளை விலைக்கு விற்றார்கள். மண்டேலாவுக்குத் தங்கத்திலும் நாணயங்கள் உண்டு, ஆனால் அந்த ஐந்து ராண்ட் தங்கம் அல்ல.

ஆறாம் படி: எங்கே வாங்குவது, என்ன கேட்பது

நாணயச் சாலையில் ராபின்சன் விற்பனை எப்போதோ முடிந்துவிட்டது. இன்று ஏலங்களிலும் நாணய வியாபாரிகளிடமும் நாணயக் கண்காட்சிகளிலும்தான் கிடைக்கும். முதல் முறை வாங்குகிறவர், பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி என்ற இரண்டு தர நிர்ணய நிறுவனங்களில் ஒன்று சோதித்து, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் அடைத்த நாணயத்தை வாங்குவது நல்லது. உறைமேல் ஒரு எண் இருக்கும். அதை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் தட்டிப் பார்த்தால் நாணயத்தின் விவரம் வரும். பலவற்றுக்குப் படமும் வரும். படத்தில் இருக்கும் சிறு கீறலும் புள்ளியும் உங்கள் முன் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். போலி உறைகள் உண்மையான எண்ணையே திருடிப் போட்டுக்கொள்வதுண்டு. படத்தை ஒப்பிட்டால் அது பிடிபட்டுவிடும்.

தர எண் 70 வரை போகும். இக்கால நாணயங்கள் அச்சுக்கூடத்திலிருந்து நேராகப் பெட்டிக்குப் போனவை என்பதால் 69 மிகச் சாதாரணம். 69-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் கூட என்னால் பலமுறை சொல்ல முடிந்ததில்லை. அந்த ஒரு எண்ணுக்காகப் பெரிய தொகை கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

விற்பவரிடம் மூன்று கேள்விகள்: நாணயச் சாலையின் அசல் பெட்டியும் சான்றிதழும் உண்டா? திருப்பிக் கொடுக்க எத்தனை நாள்? செந்நிறப் புள்ளிகள் உண்டா? செம்பு கலந்த தங்கத்தில் சில சமயம் துரு நிறத்தில் சிறு புள்ளிகள் வரும். போலி என்று பொருளல்ல, ஆனால் விலை குறைய வேண்டும்.

ஏழாம் படி: கைக்கு வந்ததும் சோதனை

உறையில் அடைத்ததை உடைக்காதீர்கள். உறை இல்லாமல் வந்திருந்தால், மேசையில் ஒரு மென்துணியை மடித்து விரித்து, அதற்கு மேலாகவே எல்லாவற்றையும் செய்யுங்கள். நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும். புரூஃபின் கண்ணாடிப் பரப்பில் பதிந்த விரல்ரேகை நாளடைவில் நிரந்தரமாகிவிடும்.

நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் சிறு தராசு போதும். 8.36 என்று காட்ட வேண்டும். அளவுகோலில் விட்டம் 21.6 மில்லிமீட்டர். விளிம்பைச் சுற்றி நெருக்கமான வரிப்பள்ளங்கள். இந்த எடையும் அளவும் 1997-இல் புதிதாக வகுத்தவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் 1929 வரை அச்சாகி அமெரிக்கர்கள் கையில் புழங்கிய ஐந்து டாலர் தங்கக் காசின் அளவேதான். எடையும் விட்டமும் சரியாக இருந்து, தடிமன் மட்டும் கூடியிருந்தால் சந்தேகப்படுங்கள். இலகுவான உலோகத்தால் அதே எடையைக் கொண்டுவர இடம் அதிகம் வேண்டும். காந்தம் ஒட்டக்கூடாது, ஆனால் ஒட்டாததாலேயே தங்கம் ஆகிவிடாது.

ஊருக்குக் கொண்டுவந்து நகைக்கடையில் காட்டுகிறவர்களுக்கு ஒரு மன்றாட்டு. உரைகல்லில் உரசவிடாதீர்கள். நகைக்கு அது வழக்கமான சோதனை. நாணயத்தின் விளிம்பில் அந்த ஒரு உரசலே சேகரிப்பு மதிப்பைத் தீர்த்துவிடும். காரட் மீட்டர் வைத்திருக்கும் கடைக்குப் போங்கள். கதிரைப் பாய்ச்சி, தொடாமலே தங்கத்தின் விழுக்காட்டை அது காட்டும். 90-ஐ ஒட்டி வர வேண்டும். 99 என்று வந்தால் மகிழாதீர்கள். இந்த நாணயத்தில் அது இருக்கக்கூடாத எண், மேலே சுத்தத் தங்கம் பூசியிருக்கலாம்.

எட்டாம் படி: பாதுகாத்தல்

துடைக்காதீர்கள், கழுவாதீர்கள், மெருகு போடாதீர்கள். இதற்கு விதிவிலக்கே இல்லை. மெல்லிய வளையும் பிளாஸ்டிக் பைகளில் பல பிவிசி கலந்தவை. சில ஆண்டுகளில் பச்சைப் பிசுக்கு விடும். நாணய அளவுக்குப் பொருந்தும் கெட்டி அக்ரிலிக் காப்ஸ்யூல் வாங்குங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பெட்டிக்குள் ஒரு சிலிக்கா பொட்டலமும் வையுங்கள். தங்கத்துக்கு ஈரம் பெரிதல்ல. அட்டைச் சான்றிதழில்தான் பூஞ்சை பிடிக்கும்.

அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு எடுத்துவருகிறவர்கள் கவனிக்க: வரியில்லாமல் கொண்டுவர அனுமதிக்கும் நகை அளவுக்குள் தங்க நாணயம் அடங்காது. விமான நிலையச் சுங்கத்தில் அறிவித்து, அன்றைய விகிதத்தில் வரி கட்ட வேண்டும். ரசீதைக் கையில் வைத்திருங்கள். அமெரிக்காவிலேயே விற்று லாபம் வந்தால், அங்கே இது சேகரிப்புப் பொருள் கணக்கில் வரும். நீண்டகால லாபத்துக்கு வரி 28 விழுக்காடு வரை போகலாம்.

ராபின்சன் கிடைக்காவிட்டால்

ஹாரியட் டப்மன் நாணயம் 2024-இல் வந்தது. அடிமைத்தளையிலிருந்து தப்பித்து, மறுபடி மறுபடி தெற்கே திரும்பிப் போய் மற்றவர்களை மீட்டு வந்தவர். அதுவும் அதே எடையும் அளவும் கொண்ட ஐந்து டாலர் நாணயம், உச்சவரம்பு 50,000. முகப்பில் முதுமைக்கால டப்மன் தொலைவை நோக்கிப் பார்க்கிறார். மறுபக்கத்தில் ஒன்றையொன்று இறுகப் பற்றிய இரண்டு கைகள். முகங்களைவிட அந்தக் கைகள் எனக்குப் பிடித்தவை. இதன் 35 டாலர் பங்கு, சின்சினாட்டியில் இருக்கும் நிலத்தடி ரயில்பாதை விடுதலை மையத்துக்கும் (அடிமைகள் தப்பிச் செல்ல உதவிய ரகசிய வழிகளுக்கு இருந்த பெயர்தான் 'நிலத்தடி ரயில்பாதை') நியூயார்க் மாநிலம் ஆபர்னில் இருக்கும் டப்மன் இல்லத்துக்கும் என்று சட்டம் வகுத்தது. வாங்கும் முறை, சோதனை, பாதுகாப்பு எல்லாம் மேலே சொன்னபடியே.

காந்தியைத் தேடுகிறவர்களுக்கு பிரிட்டனின் ராயல் மின்ட் 2021-இல் தீபாவளியை ஒட்டி வெளியிட்ட ஐந்து பவுண்ட் நாணயம் தங்கத்திலும் உண்டு. ஹீனா குளோவர் வடிவமைத்தது. அதில் காந்தியின் முகம் இல்லை. ஒரு தாமரையும், 'என் வாழ்க்கையே என் செய்தி' என்ற அவருடைய வாசகமும்தான்.

கடைசியாக ஒரு வேலை

வாங்கிய தேதி, கொடுத்த தொகை, அன்றைய தங்க விலை, உறை எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் தமிழில் எழுதி நாணயத்தோடு வையுங்கள். கூடவே இது யாருடைய முகம் என்று பத்து வரி எழுதுங்கள். பெற்றோருக்குப் பின் பிள்ளைகள் பீரோவைத் திறக்கும்போது, இது எட்டு கிராம் தங்கம் என்று மட்டும் நினைத்து உருக்கக் கொடுத்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். என் பெட்டியில் இருக்கும் தாள் 1944 ஜூலை 6 அன்று டெக்சாஸில் ஒரு பஸ்ஸில் நடந்ததிலிருந்து தொடங்குகிறது.